கிழட்டுப் பூனையின் கண்ணீரும் நம்முடைய சாக்குகளும்



பூனையை நேசிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நாமே பெருமை பேசிக்கொள்கிறோம். வாரம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் ஒரு பூனைப் படம் வருகிறது. நபி (ஸல்) அவர்களுடைய சட்டைக்கையின் மீது முஅஸ்ஸா என்ற பூனை உறங்கியதாகவும், அதை எழுப்ப மனமின்றி அவர்கள் அந்தக் கையையே கத்தரித்துவிட்டு எழுந்ததாகவும் படத்தின் கீழே ஒரு கதை இருக்கிறது. பூனை நேசம் ஈமானின் ஒரு பகுதி என்ற வாசகமும் ஹதீஸ் என்ற பெயரில் உடன் வருகிறது. அந்தக் கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் கிடையாது. அந்த வாசகம் இட்டுக்கட்டப்பட்டது என்பதை இமாம் ஸகானீ, முல்லா அலீ காரீ போன்றோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டனர். ஆதாரமற்றதைப் பரப்புவதில் இத்தனை சுறுசுறுப்புக் காட்டும் நாம், ஆதாரமுள்ள ஹதீஸ்கள் நம் தோளில் ஏற்றியிருக்கும் சுமையைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்தப் படங்களில் இருப்பவை எல்லாம் குட்டிகள். பன்னிரண்டு வயதுப் பூனையை எவரும் படமெடுத்து அனுப்புவதில்லை. அது பின்கட்டில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கண்ணோரம் பீளை கட்டி, மூக்கின் இருபுறமும் பழுப்புக் கோடு விழுந்து, ஒரு கண்ணைச் சுருக்கியபடி படுத்துக் கிடக்கிறது. மத்ரஸாவுக்கு வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி என்னிடம் நிறையவே பேசுவார்கள். அவர்களுடைய பெற்றோரைக் காணும்போது, அந்தப் பூனையின் கண்ணை யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அதுக்கு வயசாயிடுச்சு ஹஜ்ரத், அவ்வளவுதான்.” அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

சற்று ஓதத் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு ஹதீஸையே துணைக்கு அழைக்கிறார்கள். கிராமத்து அரபிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். செய்துகொள்ளுமாறும், அல்லாஹ் நிவாரணம் வைக்காத நோயே இல்லை என்றும், முதுமை ஒன்று மட்டும் அதற்கு விலக்கு என்றும் பதில் கிடைத்தது. உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. முதுமைக்கு மருந்தில்லை என்று நபியே சொல்லிவிட்ட பிறகு பூனைக்கு எதற்கு மருத்துவம் என்பது இவர்களின் வாதம். நல்லது. உங்கள் வாப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது இந்த ஹதீஸ் எங்கே போயிருந்தது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ வேறெங்கோ அழைத்துச் சென்று அறுவை செய்து, பச்சைத் துணி கட்டி அழைத்து வந்தீர்களே! முதுமைக்கு மருந்தில்லை என்பதற்கு, எழுபதை இருபதாக்க முடியாது என்று பொருள். எழுபது வயதில் வரும் நோய்க்கு மருந்தில்லை என்று அதற்குப் பொருள் கொண்டவர் முன்னோரில் எவருமில்லை. அந்த ஹதீஸின் முதற்பாதி மருத்துவம் செய்யச் சொல்கிறது. அதை விழுங்கிவிட்டு ஒரு விதிவிலக்கை மட்டும் கையில் ஏந்தி வருவது, மார்க்கத்தைச் சோம்பலுக்குக் காவலாளி ஆக்குவதாகும்.

முதுமை பூனையின் கண்ணில் உண்மையில் என்னதான் செய்கிறது? பத்து வயதுப் பூனை ஏறத்தாழ 56 வயது மனிதருக்கும், பதினைந்து வயதுப் பூனை 76 வயது மனிதருக்கும் ஒப்பு என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. அந்த வயதில் கண்ணின் லென்ஸ் இறுகி, வெளிச்சத்தில் நீலம் கலந்த மங்கல் தெரியும். பார்வையை அது பெரிதாகக் கெடுப்பதில்லை. கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம் சற்று மெலிந்து, ஓரம் நைந்த துணிபோல் ஆகலாம். முதுமையின் கைவரிசை இவ்வளவே. நீர் வடிதல் இந்தப் பட்டியலில் இல்லை. கிழட்டுப் பூனையின் கண்ணில் நீர் வடிந்தால் அங்கே வேறொரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காரணமே. அது நம்மை நினைத்து அழுகிறது என்று உருகுவோரும் உண்டு. பூனை துயரத்தால் கண்ணீர் வடிப்பதில்லை. அதற்கு எரிகிறது, அல்லது வலிக்கிறது, அல்லது கண்ணீர் இறங்கும் வழி அடைபட்டிருக்கிறது.

கண்ணின் உள்மூலையில் இரண்டு நுண்ணிய துளைகள் உள்ளன. கண்ணீர் அவற்றின் வழியே மூக்குக்குள் இறங்கிவிட வேண்டும். அந்தக் குழாய் அடைபட்டாலோ, அது தாங்குவதற்கு மேல் நீர் சுரந்தாலோ, கன்னத்தில் வழிகிறது. வழிந்து காய்ந்த இடத்தில் தெரியும் செம்பழுப்புக் கறை கண்ணீரிலுள்ள ஒரு நிறமியே. இரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். வளைகுடாவிலிருந்து வந்த மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த பெர்சியன் பூனைக்கு வாழ்நாள் முழுதும் இந்தக் கறை இருக்கும். முகம் தட்டையாக வேண்டும் என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அதன் கண்ணீர்க் குழாயும் நெரிந்து கோணிவிட்டது. அல்லாஹ் அழகாகப் படைத்த முகத்தை நசுக்கி, அதற்குக் கூடுதல் விலையும் கொடுத்து வாங்கும் நம் ரசனையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

முதிய பூனையின் கண்ணீருக்குப் பொதுவான காரணம் ஹெர்ப்பஸ் வைரஸ். குட்டிப் பருவத்தில் சளியும் தும்மலுமாக வந்துபோகும் அந்தக் கிருமி பெரும்பாலான பூனைகளின் நரம்பில் ஒளிந்துகொள்கிறது. உடல் தளரும்போது, வீடு மாறும்போது, புதிய பூனை வரும்போது மீண்டும் தலைதூக்கிக் கண்ணைத் தாக்கி, கார்னியா என்னும் கண்ணாடிப் படலத்தில் புண்ணை உண்டாக்கும். வயோதிகத்தில் உடல் இளைத்தால் கண்ணுக்குப் பின்னுள்ள கொழுப்பு கரைந்து, விழி உள்வாங்கி, இமை உட்புறம் மடிந்துகொள்வதும் உண்டு. அப்போது இமை மயிர் ஒவ்வொரு சிமிட்டலிலும் விழியை உரசும். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து, அந்தப் பக்கக் கன்னமும் வீங்கியிருந்தால், மேல்தாடைப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழட்டுப் பூனையின் வாயைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? வெள்ளை முகமுள்ள பூனைக்கு இமை விளிம்பில் ஆறாத சிறு புண் இருந்தால், அது வெயிலால் வரும் தோல் புற்றாகவும் இருக்கலாம். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமூட்டுவது இன்னொன்று. “நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இன்று காலையில் சுவரில் முட்டுகிறது, கண்மணி இரண்டும் பெரிதாக விரிந்துவிட்டது, கண்ணேறு பட்டுவிட்டது” என்று சொல்லித் தாயத்துத் தேடுகிறார்கள். முதிய பூனைகளுக்கு இரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரகம் பழுதடைந்த பூனைக்கும், தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனைக்கும் அது கூடுதலாக ஏறும். அழுத்தம் 160-ஐத் தாண்டும்போதே மருத்துவர் கவலைப்படத் தொடங்குவார். 180-ஐத் தாண்டினால் விழித்திரை பின்சுவரிலிருந்து கழன்று, கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, ஒரே இரவில் பார்வை போய்விடும் ஆபத்து மிகுதி. இதற்கு மருந்து இருக்கிறது. அம்லோடிபின் என்ற அந்த மருந்தின் பெயரை உங்கள் வாப்பாவின் மாத்திரைப் பெட்டியிலேயே பார்த்திருப்பீர்கள். உடனே கொண்டுசென்றால் விழித்திரை மீண்டும் ஒட்டிச் சிறிதளவு பார்வையாவது திரும்பும் வாய்ப்புண்டு. ஆனால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். வாப்பாவின் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிகமாகத் தண்ணீர் குடித்தல், அதிகமாகச் சிறுநீர் கழித்தல், வயிறு நிறையத் தின்றும் இளைத்தல் ஆகியவை பல மாதங்கள் முன்பே வந்த அறிவிப்புகள். ஏழு வயதைத் தாண்டிய பூனைக்கு ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம் பார்ப்பது நல்லது. அதன் காலிலோ வாலிலோ சிறு பட்டையைச் சுற்றி அளந்துவிடுகிறார்கள்.

இனி நம் வீட்டு வைத்தியத்திற்கு வருவோம். ஒருவர் சுர்மா இடுகிறார். மனிதர்கள் இஸ்மித் சுர்மா இடுவது குறித்து ஹதீஸ் உண்டு என்பதை அறிவேன். ஆனால் இன்று கடையில் சுர்மா என்ற பெயரில் விற்கும் பொடிகள் பலவற்றில் இருப்பது ஈயம். பூனை கண்ணைத் தேய்க்கும், தேய்த்த பாதத்தை நக்கும், ஈயம் வயிற்றுக்குள் போகும். இன்னொருவர் தேன் விடுகிறார். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டென்று திருமறை சொல்வதை முழுமையாக நம்புகிறவன் நான். சமையலறைச் சாடியில் கரண்டி விட்டு எடுத்த தேனைப் புண்ணான விழியில் ஊற்றச் சொல்லித் திருமறை எங்கே கட்டளையிட்டது? தாய்ப்பால், தேயிலைத் தண்ணீர், எலுமிச்சை என்று நான் கேள்விப்பட்டவற்றை எழுதினால் பக்கம் போதாது.

இவற்றைவிடக் கொடியது, பாட்டனாருக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சமிருந்ததை விடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால், கார்னியாவில் புண்ணுள்ள பூனைக்கு அது நஞ்சுக்குச் சமம். ஹெர்ப்பஸ் கிருமிக்குத் தீனி போட்டதுபோல் ஆகும். புண் ஆழ்ந்து விழியே உடைந்துபோகலாம். புண் இருக்கிறதா என்று கண்டறிய மருத்துவர் ஃப்ளோரெசின் என்ற சாயத்தை ஒரு சொட்டு விடுவார். புண்ணுள்ள இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் எந்தச் சொட்டும் விடக்கூடாது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். மருந்துக் கடையில் தானாகவே வாங்கி ஊசி போடுகிறவர்களுக்கு இன்னொன்று: என்ரோஃப்ளாக்சசின் நல்ல மருந்துதான், அளவு மீறினால் அதுவே பூனையின் விழித்திரையை அழித்துவிடும்.

ஹுனைன் பின் இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதியது ஒன்பதாம் நூற்றாண்டில். பக்தாதில் அலீ பின் ஈஸா எழுதிய கண் மருத்துவ நூலை ஐரோப்பியர் இலத்தீனில் பெயர்த்துப் படித்தார்கள். இந்தப் பெயர்களையெல்லாம் மேடையில் சொல்லி மார்தட்டுவதற்கு நமக்கு வெட்கமில்லை. இறங்கி வீட்டுக்குப் போனதும் பூனையின் கண்ணில் எலுமிச்சை பிழிகிறோம்.

பக்ரீத் வருகிறது. சந்தையில் நம்மவர்கள் ஆடு பார்க்கும் அழகை நினைத்துப் பாருங்கள். பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், இமையை விரலால் விலக்கிக் கண்ணைப் பார்ப்பார்கள். கண் பழுது வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்கு ஆகாது என்ற பராஉ பின் ஆஸிப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நம்மில் பாமரருக்கும் மனப்பாடம். அறுக்கப்போகும் ஆட்டின் கண்ணை இப்படி ஆராயத் தெரிந்த அதே விரல்களுக்கு, பன்னிரண்டு ஆண்டுகள் நம் வீட்டு எலியைப் பிடித்துக் கொடுத்த பூனையின் இமையை விலக்கிப் பார்க்க மட்டும் தெரியாதா?

கண்ணீர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அறிவித்து அபூதாவூதில் பதிவான ஒட்டகத்தின் செய்தி. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் முனகியது. அதன் கண்களில் நீர் வழிந்தது. அவர்கள் அருகில் சென்று தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது. அடுத்து அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: இதன் உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். அதற்கு வயது என்ன என்று கேட்கவில்லை. முன்வந்த இளைஞரிடம், இந்தப் பிராணி விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா, நீ இதைப் பட்டினி போட்டு வருத்துவதாக இது என்னிடம் முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். ஒரு பிராணியின் கண்ணில் நீர் வழிந்தால் மார்க்கத்தின் முதல் கேள்வி உரிமையாளரை நோக்கியது.

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணின் ஹதீஸை எல்லோரும் அறிவீர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உணவும் தரவில்லை, பூமியிலுள்ளதைத் தானே பிடித்துத் தின்ன விடவுமில்லை என்பதே அவள்மீதான குற்றம். ‘நாங்கள் கட்டி வைக்கவில்லையே, மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டோம், அது பிழைத்துக்கொள்ளும்’ என்கிறார்கள் நம்மவர்கள். பார்வை மங்கிய, பல் விழுந்த, நாய்க்குத் தப்பி ஓட முடியாத பூனைக்கு மீன் மார்க்கெட் விடுதலையா? அது கயிறில்லாத கட்டு. மாலிகி மத்ஹபின் சட்ட அறிஞர்கள் இந்தப் பிரச்சினையையே பெயர் சொல்லிப் பேசியிருக்கிறார்கள்: குருடான ஒரு பூனை ஒருவருடைய வீட்டில் வந்து ஒடுங்கி, அங்கிருந்து போக இயலாத நிலையில் இருந்தால், அதன் பராமரிப்பு அவர்மீது கடமை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வழிதவறி வந்த குருட்டுப் பூனைக்கே இந்தச் சட்டம். நாம் வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுகிறோம்! நம் ஊரில் ஷாபிஈயும் ஹனஃபியும்தானே என்று யாரும் தப்பிக்க வேண்டாம். வளர்க்கும் பிராணிக்கு உணவும் நீரும் கொடுப்பது உரிமையாளரின் கடமை என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. நாட்டுச் சட்டமும் துணைக்கு வராது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, பட்டினியால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது.

ஏழைகள் இருக்கும்போது பூனைக்குச் செலவழிப்பது வீண்விரயம் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு வலீமாவில் குப்பைக்குப் போகும் பிரியாணியை முதலில் நிறுத்துங்கள். பிறகு பூனையின் கண் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

சகோதரிகள் அடிக்கடி கேட்கும் ஒரு மஸ்அலாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூனையின் கண்ணீர் தொழுகை விரிப்பில் பட்டால் நஜீஸ் இல்லை. அதன் வியர்வை, எச்சில், கண்ணீர் யாவும் ஷாபிஈ மத்ஹபில் தூய்மையானவை. தம் உளூ நீரில் பூனை குடிப்பதற்காக அபூகதாதா (ரலி) பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்ததை மருமகள் கப்ஷா வியந்து பார்த்த செய்தி பிரசித்தமானது. ஹனஃபிகள் பூனை குடித்த மீதி நீரை மக்ரூஹ் என்பார்கள். நஜீஸ் என்று சொல்வதில்லை. சீழ் மட்டும் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவிக்கொண்டால் போதும். ஆகவே தொழுகையைக் காரணம் காட்டிப் பூனையை வெளியே தள்ளுவோருக்கு அந்த வாசலும் அடைபட்டுவிட்டது.

வீட்டில் செய்யத் தக்கது சிறிதளவே. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, உள்மூலையிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. துடைத்தபின் கையைக் கழுவுங்கள். கண்ணின் நிறமுள்ள வளையத்தில் பழுப்புப் புள்ளி தோன்றினால் மாதம் ஒருமுறை படமெடுத்து வையுங்கள். அது பரவினால் கட்டியாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்ட அந்தப் படமே உதவும். வெறும் பால்சோறு, தயிர்சோறு போட்டு வளர்க்காதீர்கள். டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை தேய்ந்துவிடும் என்பது 1975-லேயே நிரூபணமான செய்தி. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது; வேகவைத்த தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள்.

கண்ணைத் திறக்க முடியாமல் சுருக்குதல், மஞ்சளோ பச்சையோ ஆன பீளை, கண்மணி இரண்டும் ஒன்றுபோல் இல்லாமை, விழியில் வெண்மை, சுவரில் முட்டுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் ஊர் அரசுக் கால்நடை மருந்தகம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தால், ஒருமுறை பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள்.

எல்லா மருத்துவத்திற்கும் பிறகும் பார்வை திரும்பாமல் போகலாம். அதற்காகப் பதறி, கருணைக் கொலை என்றோ மீன் மார்க்கெட் என்றோ யோசிக்க வேண்டாம். வலியில்லாத குருட்டுப் பூனை வீட்டுக்குள் நிம்மதியாக வாழும். மீசையாலும் காதாலும் மூக்காலும் வீட்டை அளந்து வைத்திருக்கும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழையுங்கள், இல்லையென்றால் திடுக்கிட்டு நகம் நீட்டும். மாடிப்படிக்கும் கிணற்றுக்கும் மறைப்புப் போடுங்கள். பெருநாளைக்கு வெள்ளையடிக்கும்போது கட்டிலையும் பீரோவையும் நகர்த்தினால் ஓரிரு நாள் முட்டிக்கொண்டு பிறகு புதிய வழியைக் கற்றுக்கொள்ளும். ஆனால் சோற்றுத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் மண் தொட்டியையும் மட்டும் இடம் மாற்றாதீர்கள்.